கடைசி வண்டியின் இடது இருக்கை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் தோள்பட்டை குளிருக்கு இன்னும் குத்துகிறதா? இதென்ன திடீரென்று கடிதம் என்று முழிப்பாய். போனில் நீ ‘ம்’ கொட்டுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ‘ம்’ என்று மட்டும் எழுதி உறையில் போட்டு அனுப்ப முடியாதல்லவா? அதற்காகத்தான்.

சங்கதி இதுதான். எங்கள் சலவை ஆலையை ஊருக்கு வெளியே பதினான்கு கிலோமீட்டர் தள்ளி மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி விரிப்பு மட்டும் நாளைக்கு நாலாயிரம் வருகிறது, பழைய கட்டடம் தாங்கவில்லை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. மூன்று வாரம் யார் யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு போனேன். இந்த ஐம்பத்திரண்டு வயதில் வாசலில் நின்று ஊரான் வண்டிக்குக் கை காட்ட வெட்கமாக இருக்கிறது. கொட்டகையில் நிற்கிற காரை எடுத்து ஓட்டப் பழகப் போகிறேன்.

எந்தக் கார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராலிப் பந்தயம் ஓடுவதற்கு ஒன்று, முன்னாலேயே போய் வழி பார்த்துக் குறிப்பெடுக்க ஒன்று. ஒரே மாடல், ஒரே சாம்பல் நிறம், அதே இருக்கை, அதே பெல்ட் என்று உன் அத்தான் இரட்டைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தாரே. ஒன்று அவரோடு போயிற்று. மற்றது இரண்டு வருடமாகப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் கேட்டு வாங்கியது ஒரே ஒரு வாக்கு. “ராலிக்குப் போங்க, வேண்டாங்கல. வண்டி சறுக்காம பிடிக்கிற அந்தச் சறுக்குப் பட்டனை மட்டும் அணைக்காதீங்க.” சரி என்று தலையாட்டினார். கடைசியில் விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்த நீ என்ன சொன்னாய்? காலையிலேயே அத்தான் அதை அணைத்துவிட்டார், வழி சொல்லும் நேவிகேட்டராகப் பக்கத்தில் இருந்த நானே கவனிக்கவில்லை என்றாய். அன்றிலிருந்து அவர் துணி அலமாரியை நான் திறக்கவே இல்லை. செத்தவரோடு பேச்சை நிறுத்தியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தோள்பட்டைதான் மழைக்கு ஒரு நாள் முன்னால் எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது.

இப்போது ஒரு டயர் கடைக்கு மேலே மாடி அறையில் இருக்கிறேன். சட்டை, தலையணை எல்லாம் ரப்பர் வாசனை. நேவிகேட்டர் வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, இப்போது ராலியின் கடைசி வண்டியை ஓட்டுகிறேன். எல்லாரும் போன பிறகு அதே பாதையில் தனியாகப் போவேன். யாராவது பள்ளத்தில் மாட்டியிருந்தால் இழுத்து விடுவது, அம்புக்குறி அட்டைகளைக் கழற்றுவது, பாதையைத் திறந்து விடுவது, அவ்வளவுதான். நான் வரும்போது தூசிகூட அடங்கியிருக்கும். வளைவுக்கு வளைவு கொடியோடு நிற்கிறவர்கள் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே நாற்காலியை மடிப்பார்கள், வீட்டுக்குப் போகலாமே என்று. எனக்கு இங்கே ‘வால்’ என்று பெயர். இடது இருக்கையில் அட்டைகளை அடுக்கி வைத்திருப்பதால் ஆள் உட்கார இடமில்லை. பேச்சுத்துணைக்கு ரேடியோதான்.

அக்கா, அந்தக் கார் உனக்குச் சரிப்பட்டு வராது. அதை விற்றுவிட்டு ஒரு சின்ன வண்டியாக வாங்கிக்கொள். நான் ஆள் பார்க்கிறேன். அதுவரை அந்தப் பட்டனைத் தொடாதே.

நேரத்துக்குத் தூங்கு.

தம்பி


மார்ச் 15

அன்புள்ள வாலுக்கு,

நலம். நலமறிய ஆவல். சின்ன வயதில் உன்னை வாலு வாலு என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! கடைசியில் அதையே உத்தியோகமாக்கிக்கொண்டாயா?

காரை விற்கப் போவதில்லை. புது பேட்டரி போட்டாயிற்று. பழகிக்கொடுக்க ஒரு டீச்சர் வருகிறாள், என் வயதில் பாதிகூட இருக்காது. “அம்மா, நீங்க வண்டியைப் பார்த்துப் பயப்படக் கூடாது, வண்டிதான் உங்களைப் பார்த்துப் பயப்படணும்” என்றாள். என்னைப் பார்த்துப் பயந்தது பக்கத்து வீட்டுத் தண்ணீர் டிரம்தான். பின்னால் எடுக்கும்போது நசுக்கிவிட்டேன். அந்த ராலி இருக்கை கிணறு மாதிரி ஆழம். நாலு விரிப்பை மடித்துப் போட்டு மேலே உட்காருகிறேன். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று நாலு பட்டை பெல்ட் தொங்குகிறதே, அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சாதாரண பெல்ட்டைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

எனக்கு ஒன்று புரிய வேண்டும். அந்தப் பட்டன் உயிரைக் காப்பாற்றுவதற்கு என்று டீச்சர் சொல்கிறாள். உயிரைக் காப்பாற்றுவதை எதற்கடா அணைக்கிறீர்கள்? பைத்தியமா உங்களுக்கெல்லாம்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. அன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் எழுது. நீ முழுதாகச் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை.

தோளில் வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். டிரம்முக்கு என் அனுதாபங்கள்.

கேட்டாய், எழுதுகிறேன். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் வெளியே ஓடப் பார்க்கும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அதை உனக்கு முன்னால் உணர்ந்துவிடும். ஏதோ ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போடும், எஞ்சினின் வேகத்தைக் குறைக்கும், வண்டியை நேராக்கும். ரோட்டில் போகிறவனுக்கு அது தெய்வம். ஜல்லிப் பாதையில் பந்தயம் ஓடுகிறவனுக்கு மாமியார். வண்டியைக் கொஞ்சம் சறுக்க விட்டால்தான் வளைவிலிருந்து சீக்கிரம் வெளியே வர முடியும்; அது விடாது, நாம் அழுத்த அழுத்த வண்டியின் மூச்சைப் பிடித்துவிடும். வளைவுக்கு அரை நொடி போகும். அதனால்தான் அணைக்கிறார்கள். பைத்தியம் என்றால் பைத்தியம்தான்.

அன்றைக்குச் சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக எதுவும் இல்லை. ஏழாவது சுற்று. முன்னால் போன வண்டி ஒன்று பாதையை மறித்துக்கொண்டதால் புறப்படும் கோட்டில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் எஞ்சினை அணைத்துவிட்டு, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். தூறல் விழ ஆரம்பித்தது. அப்புறம் விட்டார்கள். மூன்றாவது வளைவில் வண்டி சறுக்கி மரத்தில் போய் மோதியது, அவர் பக்கம். காலையில் அவர் அதை அணைத்ததை நான் கவனித்திருக்க வேண்டும். வேறென்ன சொல்ல?

பின்னால் எடுக்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதே, திரும்பிப் பார்.

தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். லைசென்ஸ் கிடைத்துவிட்டது! ஒன்பது நாளாகத் தனியாக ஆலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். முதல் நாள் எங்கள் இஸ்திரிக் கூடத்தில் இருக்கிற எல்லாரும் ஜன்னலில் வந்து நின்று கைதட்டினார்கள். உன் அத்தான் பார்த்திருந்தால், எதுவும் சொல்லாமல் வண்டியைச் சுற்றி வந்து எங்கே கீறியிருக்கிறேன் என்று தேடியிருப்பார்.

போன வாரம் மழையில் ஆலைக்கு முன்னால் உள்ள திருப்பத்தில் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டேன். பின்பக்கம் நழுவியது. எதிரே சறுக்குகிற கார் படம் போட்ட விளக்கு இரண்டு முறை மினுக்கியது, வண்டி தானாகவே நேராகிவிட்டது. யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து நிறுத்திய மாதிரி இருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். இதைத்தானே அவரிடம் கேட்டேன் என்று அழுதேன்.

அப்புறம் ஆலை வாசலில் நிறுத்தி, எட்டிச் சாய்ந்து அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தேன். மூன்று நொடி அழுத்தியதும் விளக்கு எரிந்தது, அணைந்துவிட்டது என்று. அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து சாவியைத் திருப்பினால் விளக்கைக் காணோம்! நான் எதையும் தொடவில்லை. மறுபடி அணைத்தேன், வண்டியை நிறுத்தினேன், கிளப்பினேன். மறுபடி காணோம். பதினோரு தடவை செய்து பார்த்துவிட்டேன். எஞ்சினை நிறுத்திக் கிளப்பினால் அது தானாகவே உயிர் பெற்றுவிடுகிறது.

டீச்சரைக் கேட்டேன். “எல்லா வண்டியும் அப்படித்தாம்மா. மறந்துட்டு ஓட்டிடக் கூடாதுன்னுதான்” என்றாள்.

காலையில் அணைத்தது, இருபது நிமிடம் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிளப்பிய பிறகும் எப்படி அணைந்தே இருந்தது? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீதான் விவரம் தெரிந்தவன், சொல்லு.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அடுத்தடுத்து மூன்று ராலி, மூட்டை பிரிக்கவே நேரமில்லை. இங்கே நல்ல மழை, பாதையெல்லாம் சேறு. உன் டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார். வண்டி ஓடி நிற்கும்போது பார்க்காதே, காலையில் கிளப்புவதற்கு முன்னால் பார். லைசென்ஸ் வாங்கியது ரொம்ப சந்தோஷம்.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

காற்று பார்த்தேன். சரியாக இருக்கிறது.

ஏழு வாரம் கழித்துப் பதில் போட்டாய். அதில் நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். அதனால் நானே பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் வண்டிக்குள் உட்கார்ந்து, ஓரமாக வைத்திருந்த அந்த நாலு பட்டையையும் மாட்டி இறுக்கினேன். டீச்சர் ஒத்தாசைக்கு இருந்தாள். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, சாய முடியவில்லை. ஸ்டியரிங் எட்டுகிறது, கியர் எட்டுகிறது. பட்டன் எட்டவில்லை. அன்றைக்குக் கோட்டில் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை என்று எழுதியவன் நீதான். அது அந்தப் பக்கம், இடது இருக்கைக்காரரின் முழங்காலை ஒட்டி இருக்கிறது.

என் கை குட்டை, அவர் கை நீளம் என்று நீ சொல்வாய். இரண்டு வருடத்துக்குப் பிறகு அலமாரியைத் திறந்தேன். அவருடைய முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து வந்து, தோள் தையலை இருக்கையின் தோளில் வைத்து, கையை நீட்டிப் பிடித்தேன். துணி அளப்பது எனக்குப் புதிதில்லை. கைப்பட்டிக்கு வெளியே நீளும் விரலுக்கும் சேர்த்துதான் கணக்குப் போட்டேன். அப்படியும் நாலு விரற்கடை குறைகிறது.

நான் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை மேலே எழுதிவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான்தான் அழுத்தினேன்.

இடது பக்கம் எட்டுகிற சில்லறை வேலையெல்லாம் நேவிகேட்டர் கையில்தான். டிரைவர் தலையசைப்பார், நாங்கள் அழுத்துவோம். எல்லா வண்டியிலும் அதுதான் வழக்கம். உனக்கு வாக்குக் கொடுத்த பிறகு அத்தான் தலையசைப்பதை நிறுத்திவிட்டார். அந்த வருடம் முழுக்க அவர் ஒரு தடவைகூட அணைக்கச் சொல்லவில்லை, அக்கா. மற்றவர்கள் ‘வீட்டுக்காரம்மா பட்டன்’ என்று கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு ஆறு சுற்று முடிந்து நாலாவதாக இருந்தோம். மூன்றாவது இடத்துக்கு இரண்டு நொடிதான் குறைச்சல். பந்தயத்தில் நாங்கள் அவ்வளவு முன்னால் வந்ததே இல்லை. கோட்டில் காத்திருந்தபோது, “இன்னைக்கு ஒரு நாள் அணைச்சிடலாம் அத்தான்” என்றேன். “விடுடா. உங்க அக்காகிட்ட சொல்லியிருக்கேன்” என்றார். கிளப்பினார். முன்னால் நின்றவர் விரல்களை மடக்க ஆரம்பித்தார். அஞ்சு, நாலு, மூன்று. அத்தானின் கண் முழுக்க அந்த விரல்கள் மேல். நான் கையை நீட்டி அழுத்தினேன். அவரிடம் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வளைவு சாதாரணம். மூன்றாவதில் பின்பக்கம் போயிற்று. அவருக்கா தெரியாது ஸ்டியரிங்கைத் திருப்ப? இருபது வருடம் ஓட்டியவர். ஆனால் அவர் திருப்பவில்லை. அது பிடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தார். அரை நொடி காத்திருந்தார், அக்கா. அப்புறம் அந்த விளக்கைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குள் மரம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நீ முதலில் கேட்ட கேள்வியே “அதை அணைச்சாரா?” என்பதுதான். நான் ஆமாம் என்று தலையாட்டி, காலையிலேயே அணைத்துவிட்டார் என்றும் சொல்லிவிட்டேன். வண்டி ஓட்டத் தெரிந்த எவரும் நம்பாத பொய் அது. உனக்கு ஓட்டத் தெரியாது என்பதால் சொன்னேன். நீ அவர்மேல் கோபப்பட்டதை இரண்டு வருடமாக ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். இதைவிடக் கேவலம் உண்டா?

அவர் உனக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை.

தம்பி


அக்டோபர் 19

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டரை மாதமாக உன் பதில் இல்லை. அது நியாயம்தான். தினமும் கீழே கடையில் தபால் வந்ததா என்று கேட்கிறேன். இப்போதெல்லாம் கடைக்காரர் என்னைக் கண்டதுமே உதட்டைப் பிதுக்கிவிடுகிறார்.

ஒரு விஷயம் மட்டும். அடுத்த மாதம் எட்டாம் தேதி நடக்கிற ராலியின் பாதை உங்கள் ஆலை வாசல் வழியாகப் போகிறது. உங்கள் கேட் தூணில்தான் ஒரு அம்புக்குறி அட்டை. எல்லா வண்டியும் போய் அரை மணி நேரம் கழித்து அதைக் கழற்ற நான் வருவேன். உன்னைத் தேடி வந்ததாக நினைக்காதே. வேலை அது. நீ வெளியே வரவில்லை என்றால் நான் பாட்டுக்குப் போய்விடுவேன்.

தம்பி


நவம்பர் 12

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் உன்மேல் மண்ணை வாரித் தூற்றினேன். உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒரு பொய்க்காக அந்த மனிதரை இரண்டு வருடம் நான் பேசாமல் ஒதுக்கி வைத்திருந்தேன். சாகும்போதுகூட என் வார்த்தையை நம்பிக் காத்திருந்தவரை. நான் அந்த வாக்கையே வாங்காமல் இருந்திருந்தால் அவர் ஸ்டியரிங்கைத் திருப்பியிருப்பாரே என்று வேறு ஒரு நினைப்பு வருகிறது. அதோடு படுத்து அதோடு எழுந்திருக்கிறேன். அதை எனக்குக் கொடுத்தவன் நீதான்.

அவருடைய துணி எல்லாவற்றையும் ஆலைக்குக் கொண்டு போய் என் கையால் துவைத்து இஸ்திரி போட்டு, மறுபடி அதே அலமாரியில் வைத்தேன். பதினேழு சட்டை. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எட்டாம் தேதி நான் ஆலையில்தான் இருந்தேன். மாடி இஸ்திரிக் கூடத்தில், ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தொரு வண்டி போயிற்று. பார்க்க வந்தவர்களும் போய்விட்டார்கள். கேட்டில் நின்ற கொடிக்காரரும் நாற்காலியை மடித்து வைத்துக்கொண்டார். அப்புறம் நீ வந்தாய். இளைத்துவிட்டாய். அட்டையைக் கழற்ற இரண்டு நிமிடம் ஆகுமா? நீ கால் மணி நேரம் நின்றாய். கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் இறங்கி வரவில்லை. வர முடியவில்லை. கடைசியில் அந்த அட்டையை இடது இருக்கையில் மற்ற அட்டைகளின் மேல் வைத்தாய். வைத்துவிட்டு அதற்குப் பெல்ட் போட்டாய். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

என் கோபம் தீரவில்லை. தீரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரோடு பேசாமல் இருந்து பார்த்தாயிற்று, இந்த மூன்று மாதம் உன்னோடும் பேசாமல் இருந்து பார்த்தாயிற்று. எனக்கு இருந்ததே நீங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரோடும் பேசவில்லை என்றால் நான் யாரோடு பேசுவது?

உன் கிழிந்த ஸ்வெட்டரைப் பார்த்தேன். வேறொன்று இதோடு அனுப்பியிருக்கிறேன். தோளுக்குத் தைலமும் இருக்கிறது.

டிசம்பர் மாதம் ராலி இல்லாத ஒரு நாள் பார்த்து வா. அந்த மூன்றாவது வளைவு எங்கே இருக்கிறது என்று எனக்கு யாரும் காட்டவில்லை. நீ காட்டு. நம் காரிலேயே போகலாம். நான் ஓட்டுகிறேன், நீ இடது பக்கம் உட்கார். வழி மட்டும் சொல்லு.

கையை மடியில் வைத்துக்கொள்.

அக்கா